நடுவில் வந்து முட்டிய புத்தகம்

சென்ற மாதம் டவுன் போர்டு ஆபீசிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, எழுதியது. இனிமேல் கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து தனித் தாள்களாகக் கோத்து வைக்கப் போகிறார்களாம். அதற்காகப் பழைய புத்தகங்களுக்குப் பட்டியல் எடுக்கிறார்கள். மூன்றாம் புத்தகத்தைப் பற்றி அவருக்கு இரண்டு சந்தேகங்கள். அது ஏன் இரண்டு முனையிலிருந்தும் எழுதப்பட்டு நடுவில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது? பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தாள் என்ன, அதில் வரிசையாக இருக்கும் இருபத்தொரு கிறுக்கல்கள் யாருடையவை?

முதல் கேள்விக்கு அரைப் பக்கத்தில் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாவது அரைப் பக்கத்தில் அடங்காது. என் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். குளுவாங்குக்குப் போகும் ரயில் நிற்கும் சிறிய ஊர், இரண்டு கடைத்தெரு, ஒரு மார்க்கெட் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பெரிய யுத்தம் முடிந்த மறு வருடம் நான் வேலையில் சேர்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகுதான் ஜொகூர் அரசாங்கத்தில் பாதிக் காகிதம் மலாயில், அரபு வரிவடிவமான ஜாவி எழுத்தில் ஓடுகிறது என்று தெரிந்தது. ஒரு வருடம் சாயங்காலங்களில் பள்ளிவாசல் எழுத்தரிடம் உட்கார்ந்து வலமிருந்து இடமாக எழுதப் பழகினேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

போர்டு என்றால் ஐந்து பேர். தலைவரை அரசாங்கம் நியமிக்கும். சுகாதாரத்துக்கு ஒரு டாக்டர். அவர் பெரிய ஊரிலிருந்து ரயிலில் வர வேண்டும், பெரும்பாலும் வரமாட்டார். மலாய்க் கிராமமான கம்பத்துக்கு அதன் தலைவரான பெங்குளு. சீனக் கடைகளுக்கு ஒரு தௌக்கே, கடை முதலாளி. வட்டிக்கடைத் தெருவுக்கு அருணாசலம் செட்டியார். யாரையும் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று பேர் வந்தால் கூட்டம் செல்லும். மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணி. இவர்களுக்குக் கீழே சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர், கிராணி நான், பியூன் ஒருவர், குப்பை வாரும் ஆட்களும் அவர்கள் மேஸ்திரியான மண்டோரும். தெருவிளக்கு, சாக்கடை, குப்பைத்தொட்டி, மார்க்கெட், நாய், மாடு எல்லாவற்றையும் ஆண்டது இந்தக் கூட்டம்தான்.

எனக்கு வாய்த்த தலைவர்களில் நான் மறக்க முடியாதவர் எஞ்சே ஓத்மான்; எஞ்சே என்றால் மலாயில் 'திரு'. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சொங்கோக் தொப்பி, சட்டைப்பையில் கடிகாரம். பத்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது உள்ளே வருவார். அந்த ஒரு நிமிடத்தையும் தொப்பியைச் சரிசெய்வதில் செலவழிப்பார். அதிகம் பேசமாட்டார். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் "நந்தி" என்பதாக இருக்கும். மலாயில் அதற்குப் 'பிறகு' என்று பொருள். முதல் ஆறு மாதம் அவரை மந்தமானவர் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் ஒவ்வொரு 'நந்தி'யையும் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது.

அவர் வருவதற்கு முன் இருந்த தலைவர் கூட்டக் குறிப்பைத் தனித் தாளில் எழுதச் சொல்லி, பிறகு கஞ்சிப் பசை தடவிப் புத்தகத்தில் ஒட்டச் சொல்வார். அரிசிக் கஞ்சி மனிதனுக்கு மட்டும் உணவு அல்ல. டுரியான் பழத்தைப் பிரதான தெருவில் விற்கக்கூடாது என்ற தீர்மானத்தைக் கரப்பான்கள் இரண்டே மாதத்தில் தின்றுவிட்டன. அபராதம் விதிக்கப்பட்ட வியாபாரி கோர்ட்டில், "தீர்மானத்தக் காட்டுங்க" என்றார். காட்ட முடியவில்லை. அந்த வருடம் முழுக்க ஊர் டுரியான் வாசத்தில் மிதந்தது.

எஞ்சே ஓத்மான் வந்ததும் சட்டம் போட்டார். புத்தகத்துக்கு முந்நூறு பக்கம். ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொன்றிலும் முத்திரை. தனித்தாள் கூடாது, பசை கூடாது, வரைவுக் குறிப்பும் கூடாது. வரைவு என்று வைத்தால் உறுப்பினர்கள் மறுநாள் டீ குடிக்க வந்து அதை மாற்றச் சொல்வார்களாம். கூட்டம் நடக்கும்போதே நேராகப் புத்தகத்தில் எழுத வேண்டும். முன்பக்கத்திலிருந்து இங்கிலீஷ், பின்பக்கத்திலிருந்து ஜாவி. ஒரு விஷயம் பேசி, எழுதி, இரண்டு பாஷையிலும் படித்துக் காட்டி, தலைவர் இனிஷியல் போட்ட பிறகுதான் அடுத்த விஷயம்.

"புத்தகத்துல இல்லன்னா போர்டு சொல்லல" என்பார். (நாங்கள் பேசிக்கொண்டது மலாயில். தமிழாக்கி எழுதுகிறேன்.)

இப்போது அங்கம்மாள் விஷயம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் நான்கு மாடு வைத்துப் பால் விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் ரப்பர் எஸ்டேட்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனவர். அவள் மட்டும் வெளியே வந்து ஒரு கன்றில் ஆரம்பித்து நான்கு மாட்டில் நின்றாள். என் வீடு உட்பட இருபது வீட்டுக்குப் பால் அவளுடையது. தண்ணீர் கலந்திருப்பதாக யாராவது சொன்னால், "என் மாடு தண்ணி குடிக்குதுங்க, அதுக்கு நான் என்ன பண்றது?" என்பாள்.

பிப்ரவரிக் கடைசியில் இன்ஸ்பெக்டர் தம்பையா அந்தக் கொட்டகையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையானவர், ஒரு கோப்பை டீயைக்கூட யாரிடமும் வாங்கிக் குடிக்காதவர்.

"கிளாக்கர், நான் மாட்டுக்கு எதிரியில்லை" என்றார் என்னிடம். "ஆனா அந்தச் சாணித் தண்ணி கிணத்துப் பக்கமாப் போகுது. நீங்கள் பாத்தனியளோ? போர்டு எல்லைக்குள்ள மாட்டுக் கொட்டில் இருக்கேலாது."

அவர் சொன்னது சரிதான். அதுதான் சங்கடம்.

நோட்டீஸ் கொடுக்கப் பியூனோடு நானும் போனேன். அங்கம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"என்னாங்க கிராணி ஐயா, மாட்டுக்கா எனக்கா நோட்டீசு? மாட்டுக்குன்னா நீங்களே படிச்சுக் காட்டிட்டுப் போங்க. அதுக்கு எழுத்து வராது."

"உனக்குத்தான். கொட்டகையை எடுக்கணும். ரெண்டு மாசத் தவணை, மே மாசக் கூட்டத்துல முடிவு பண்ணுவாங்க."

அவள் எழுந்து கையைத் துடைத்தாள். "எடுக்க மாட்டேன்னு சொன்னேனா? தண்டவாளத்துக்கு அந்தாண்ட ஒரு துண்டு நெலம் கேட்டு லேண்ட் ஆபீசுல மனு குடுத்திருக்கேன். போனா 'பெலும்', இன்னும் இல்லங்கிறான். மறுவாரம் போனாலும் 'பெலும்'. இந்த ஆபீசு போன்னுது, அந்த ஆபீசு இன்னும் வராதேன்னுது. நடுவுல நாலு மாட்ட எங்க கட்டுறது, உங்க வீட்டு அஞ்சடியிலயா?" எங்கள் ஊர்க் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைக்கு அதுதான் பெயர்.

அவள் குரல் தணிந்தது.

"ரெண்டு சினையா இருக்குங்க. இப்ப அவுத்துவிட்டா வித்துத்தான் ஆகணும். வித்துட்டா மறுபடி எஸ்டேட்டுக்குப் போயி பால் மரம் சீவணும். அந்தப் பால் யாரும் குடிக்க மாட்டாங்க, ஐயா."

எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் மோர் ஊற்றும்போது அந்த இரண்டு சினை மாடும் ஞாபகத்துக்கு வந்தன.

இதற்கிடையில் மூன்றாம் புத்தகம் தீர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பக்கம் மிச்சமிருக்கும்போதே புதிய புத்தகம் கேட்க வேண்டும் என்பது நானாக வைத்துக்கொண்ட விதி. அதன்படி மார்ச் முதல் வாரம் இண்டென்ட் படிவம் எழுதி, தலைவர் கையெழுத்துக்காக அவர் மேஜையில் வைத்தேன். அது கையெழுத்தாகி ஜொகூர் பாருவில் உள்ள ஸ்டோருக்குப் போயிருக்கும் என்று நம்பினேன். ஏப்ரல் கடைசி வரை புத்தகம் வரவில்லை. ஸ்டோருக்கு நினைவூட்டல் அனுப்பினேன். 'தங்கள் இண்டென்ட் எதுவும் எங்களுக்கு வரவில்லை' என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற காகிதத்தைத் தொலைத்துவிட்டுப் பெறவில்லை என்று எழுதுவது எந்த ஊர் ஒழுங்கு என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய மிகக் காரமான கடிதம் அது. புது இண்டென்ட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு எஞ்சே ஓத்மானிடம் போனேன்.

"ஒரு புத்தகத்துக்கு ரெண்டு இண்டென்ட்டா?" என்றார். "முதல் காகிதம் ரத்தாகாம ரெண்டாவது போனா, ரெண்டு புத்தகம் வந்துடும். ஆடிட்டர் கேப்பார். நந்தி, கிராணி, நந்தி."

மே மாதக் கூட்டத்தன்று காலை எண்ணிப் பார்த்தேன். நான்கு பக்கம் மிச்சம். சாதாரணமாக ஒரு கூட்டத்துக்கு இங்கிலீஷ் இரண்டு பக்கம், ஜாவி ஒன்றரை. சரியாகப் போதும்.

டாக்டர் வரவில்லை. பெங்குளுவுக்கு உறவில் கல்யாணம். தலைவர், தௌக்கே, செட்டியார் ஆக மூவர். இன்ஸ்பெக்டர் தம்பையா அறிக்கையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். மொத்தம் ஏழு விஷயம். நான்காவது குப்பைத்தொட்டி. ஏழாவது மாட்டுக் கொட்டகை.

குப்பைத்தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தௌக்கே கடைக்கும் செட்டியாரின் வட்டிக்கடையான கிட்டங்கிக்கும் நடுவில் போர்டு ஒரு தகரத் தொட்டி வைத்தது. அது நடுவில் இருந்ததை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். திங்கட்கிழமை செட்டியார் வாசலில் இருக்கும், செவ்வாய்க்கிழமை தௌக்கே வாசலில் இருக்கும். கால் முளைத்த தொட்டி என்று ஊரில் பேச்சு. இதைப் பற்றி ஐந்து கூட்டத்தில் பேசி, ஐந்து முறையும் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். எஞ்சே ஓத்மானின் வழக்கம் அப்படி. வாதத்தை எழுதக்கூடாது, முடிவை மட்டும்தான் எழுத வேண்டும்.

அன்று செட்டியார் ஆரம்பித்தார். "துவான், லட்சுமி வந்து ஏறுற வாசப்படியில மீன் செதிலு கெடக்கு. மீன் யாரு திங்கிறது? நாங்க திங்கிறமா?"

"மீன் என்னுது" என்றார் தௌக்கே. "வாழையிலை யாருது? நான் இலையில சாப்பிடுறேனா? ஒரு நாளைக்கு நாப்பது இலை! என் கடைக்கு வர்றவன் வழுக்கி விழுறான்!"

"விழட்டுமே, உங்க தராசு செய்யாததயா எங்க இலை செஞ்சுடப் போகுது?"

"என் தராசுல என்ன?"

வழக்கம்போலத் தலைவர் கையைத் தூக்கி நிறுத்துவார் என்று பேனாவைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"கிராணி, எழுதுங்க. ரெண்டு பேர் சொன்னதையும் முழுசா எழுதுங்க. மரியாதைக்குரிய உறுப்பினர்கள் பேச்சு வீணாகக் கூடாது."

தங்கள் பேச்சு எழுத்தில் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் இருவருக்கும் வேகம் பிறந்தது. மீன் செதில் எழுதினேன். வாழையிலை எழுதினேன். தராசு எழுதினேன். செட்டியாருடைய தகப்பனார் கப்பலில் வந்த கதையையும் தௌக்கேயின் மாமனார் காட்டை வெட்டிக் கடைபோட்ட கதையையும் இரண்டு பாஷையிலும் எழுதினேன். படித்துக் காட்டியபோது, "அந்த நாப்பத அம்பதாக்கு" என்று தௌக்கே திருத்தம் சொன்னார். அதையும் எழுதினேன்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு முப்பது வரி வரும். வருடக்கணக்காக முப்பதுதான், கூடினதில்லை குறைந்ததில்லை. அன்று இரண்டாவது விஷயத்திலேயே வாசலில் நின்ற அங்கம்மாளைப் பார்த்தேன். என் எழுத்து கொஞ்சம் பருக்க ஆரம்பித்தது. குப்பைத்தொட்டி வந்தபோது ஒரு பக்கத்துக்குப் பத்தொன்பது வரிதான் வந்தது. அன்றைய நாட்குறிப்பில், 'இன்று எழுத்து பெரிது. காரணம், புது நிப்' என்று எழுதியிருக்கிறேன். நிப் பழையதுதான். என் நாட்குறிப்புகளில் எனக்குத் தெரிந்து இருக்கும் ஒரே பொய் அது.

ஆறாவது விஷயம் தெருவிளக்கு. அதை எழுதி முடித்தபோது இங்கிலீஷ் இடப்பக்கத்தின் அடிவரியில் நின்றது. ஜாவி வலப்பக்கத்தின் அடிவரியில் நின்றது. நடுவில் தையல் நூல்தான் தெரிந்தது.

"ஏழாவது" என்றார் தலைவர்.

"துவான்," என்றேன், "பக்கம் இல்லை."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். முன்னால் ஒரு தாளைப் புரட்டினார். பின்னால் ஒரு தாளைப் புரட்டினார். "ஹபிஸ்" என்றார், அதாவது தீர்ந்துவிட்டது. இனிஷியல் போட்டார்.

தம்பையா எழுந்துவிட்டார். "துவான், ரெண்டு வரி! கொட்டிலைப் பதினாலு நாளில எடுக்க வேணுமெண்டு ரெண்டு வரி! ஒரு கடுதாசியில எழுதிப் பிறகு ஒட்டுங்கோவன்!"

எஞ்சே ஓத்மான் புத்தகத்தை மூடினார்.

"டுரியான்" என்றார்.

தம்பையா அறிக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புதிய புத்தகம் வரும் வரை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்ததை எழுதவும் இடமில்லை. ஜூன் கூட்டம் நடக்கவில்லை. ஜூலைக் கூட்டமும் நடக்கவில்லை. சாக்கடை ஓடியது, விளக்கு எரிந்தது, குப்பை வாரப்பட்டது. குப்பைத்தொட்டி மட்டும் வழக்கம்போல் நடந்தது. போர்டு கூடாத அந்த இரண்டு மாதத்தில் ஊரில் ஒரு குறையையும் நான் காணவில்லை. இதை நான் மேலிடத்துக்கு எழுதவில்லை.

தம்பையாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தீர்மானம் இல்லாமல் கொட்டகையை இடிக்க முடியாது, கிணறு கெடவும் விடமுடியாது. தினமும் காலையில் இரண்டு ஆட்களைக் கூட்டிப்போய்த் தானே நின்று கொட்டகையைக் கழுவிவிட்டு, சாணித் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் ஒரு வாய்க்கால் வெட்டினார். அங்கம்மாளும் அவரும் தினமும் சண்டை போட்டார்கள்.

"ஏன் இன்ஸ்பெட்டரு, என் மாட்டுக்கு மருமகன் மாதிரி தெனம் வந்து நிக்கிறீங்க?"

"வாயை மூடிக்கொண்டு அந்த வாளியை எடும்!"

ஜூலை மூன்றாவது வாரம் லேண்ட் ஆபீசிலிருந்து அவளுக்கு நிலம் அனுமதித்த கடிதம் வந்தது. அதன் நகல் எங்கள் ஆபீசுக்கும் வந்தது. நான்தான் அதைத் தலைவர் மேஜையில் வைத்தேன். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஜொகூர் பாருவிலிருந்து நான்காம் புத்தகம் வந்து சேர்ந்தது. அதற்குள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொட்டகை எழும்பி, நான்கு மாடும் குடிபோய், ஒன்று கன்றும் போட்டிருந்தது. புதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான் எழுதிய முதல் தீர்மானம்: 'மாட்டுக் கொட்டகை: விஷயம் இல்லை.' அன்று என் எழுத்து பழையபடி முப்பது வரிக்குத் திரும்பியது.

கன்று போட்ட வீட்டில் சீம்பால் கொடுப்பது நம் வழக்கம். நானும் என் மனைவியும் பாத்திரத்தைக் கழுவி வைத்துக் காத்திருந்தோம் என்று சொல்வதில் வெட்கமில்லை. சீம்பால் தம்பையா வீட்டுக்குப் போனது. யாரிடமும் எதையும் வாங்காத மனிதர், அதை மட்டும் வாங்கிக் கட்டியாகக் காய்ச்சிச் சாப்பிட்டாராம். மறுநாள் பால் ஊற்ற வந்த அங்கம்மாளிடம் என் மனைவி ஜாடையாகக் கேட்டாள்.

"அவரு தெனம் வந்து நின்னாருங்க, அம்மா. திட்டுனாரு, ஆனா நின்னாரு" என்றாள் அங்கம்மாள். "உங்க வீட்டுக்காரரையும் அந்தப் பெரிய துவானையும் என்ன சொல்றது? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கத் துப்பில்லாம ரெண்டு மாசம் ஆபீசப் பூட்டிட்டு உக்காந்திருந்தாங்க. என் நல்ல நேரம், அவங்க அப்படி இருந்தாங்க."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய்ச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? பருத்த எழுத்தைப் பற்றியா?

மறுநாள் இதை எஞ்சே ஓத்மானிடம் சொன்னேன், அங்கம்மாள் சொன்ன சொல் மாறாமல். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மே மாசம் உங்க எழுத்து நல்லா இருந்துச்சு, கிராணி" என்றார். "கண்ணாடி இல்லாமலே படிச்சேன்." நான் கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து அவருக்கு மூவார் என்ற ஊருக்கு மாற்றலானது. அவர் மேஜையைக் காலி செய்து பட்டியல் எடுப்பது என் வேலை. இரண்டாவது இழுப்பறையின் அடியில் ஒரு பழுப்புத் தாள் இருந்தது. மூன்றாம் புத்தகம் தீரும்போது நான் மார்ச் முதல் வாரம் எழுதி வைத்த இண்டென்ட்தான் அது. அதன் முதுகில் ஜாவி எழுத்தில் வாரம் ஒரு வரி, தேதியோடு இருந்தது. 'பார்த்தேன். பிறகு.' கீழே அவருடைய இனிஷியல். அடுத்த வாரமும் 'பார்த்தேன். பிறகு.' இப்படி இருபத்தொரு வரி. ஒரு காகிதத்தைக் கிடப்பில் போடும்போதுகூட அந்த மனிதர் முறைப்படிதான் போட்டிருக்கிறார். இருபத்தொன்றாவது வரியின் தேதி, லேண்ட் ஆபீசுக் கடிதத்தை நான் அவர் மேஜையில் வைத்த மறுநாள். அதில் மட்டும் வாசகம் வேறு: 'நகல் எடுத்து இன்றே அனுப்பப்பட்டது.'

ஸ்டோர்க்காரருக்கு நான் எழுதிய ஒன்றரைப் பக்கம் அப்போதுதான் என் முகத்தில் வந்து விழுந்தது. அன்று சாயங்காலமே அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். காரணம் எழுதவில்லை. எதற்கு மன்னிப்பு என்று கேட்டு அவர் எழுதினார். அதற்கு நான் பதில் எழுதவில்லை.

அந்தத் தாளை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. எந்தக் கோப்பிலும் அதற்கு இடமில்லை. கிழித்துப்போட எனக்குக் கை வராது; அரசாங்கக் காகிதம். வீட்டுக்குக் கொண்டுபோவது திருட்டு. கடைசியில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் தூக்குச் சட்டியிலிருந்து இரண்டு விரல் சோறு எடுத்துப் பிசைந்து, மூன்றாம் புத்தகத்தின் அட்டையில் உட்புறமாக ஒட்டினேன். புதிய கிராணி அதைப் பின்னட்டை என்கிறார். ஜாவி படிப்பவருக்கு அதுதான் முன்னட்டை.

போர்டு விதிப்படி பசை கூடாது என்பது எனக்குத் தெரியும். டுரியான் தீர்மானத்தை இரண்டு மாதத்தில் தின்ற கரப்பான்கள் இதை இத்தனை வருடம் தொடாமல் விட்டிருக்கின்றன. பட்டியலில் அந்தத் தாளுக்கு எதிரே என்ன எழுதுவது என்று புதிய கிராணி கேட்கிறார். 'பார்த்தேன். பிறகு.' என்று எழுதித் தேதி போட்டு, தம் இனிஷியலை இருபத்திரண்டாவதாக வைக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.